வெள்ளவாய்க்காலைத் திறந்து விடுங்கள்: யாழ்ப்பாண உள்ளூராட்சி சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி சபைகளிலும் இருக்கும் முதல்வர், தவிசாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் தோட்டக் கிணற்றின் உட்சுவரில் கோடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் தைப்பொங்கலுக்கு மறுநாள் அப்பா கிணற்றுப் படியில் இறங்கி நின்று, தண்ணீர் நிற்கிற மட்டத்தில் சுண்ணக்கல்லிலே உளியால் ஒரு கோடு கீறுவார். பிறகு ஆவணிக் கடைசியில், கிணறு வற்றிக் கிடக்கும்போது, இன்னும் கீழே இறங்கி இன்னொரு கோடு. பக்கத்தில் ஆண்டு. அவருக்கு மழைமானியும் இல்லை, கொப்பியும் இல்லை. கிணற்றுச் சுவர்தான் கணக்குப் புத்தகம். இடம்பெயர்ந்து போயிருந்த ஆண்டுகளுக்கு மட்டும் கோடு இல்லை. அவர் போன பிறகு நான் கீறுகிறேன்.

அப்பாவின் கோடுகள் இரண்டு கூட்டமாக, மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்று அடக்கமாக இருக்கும். என்னுடைய கோடுகள் சிதறிக் கிடக்கின்றன. சில ஆண்டுகளில் தைக் கோடு கிணற்றுக் கட்டைத் தொடுகிற அளவுக்கு ஏறியிருக்கிறது. அதே ஆண்டில் ஆவணிக் கோடு அப்பா ஒருநாளும் இறங்காத ஆழத்தில் கிடக்கிறது. மாரியில் வளவுக்குள் வெள்ளம், கோடையில் வாளி தரை தட்டுகிறது. "மழை பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும்" என்று சொல்வார்கள். ஒரே ஆண்டில் இரண்டையும் பார்க்கிற காலத்தில் நாங்கள் இருக்கிறோம்.

இந்த மடலை நான் ஐக்கிய நாடுகள் சபைக்கோ கொழும்புக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பூமி சூடாவதை ஒரு பிரதேச சபையால் நிறுத்த முடியாது. அதை உங்களிடம் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் எங்கள் ஊரில் விழுகிற மழை, விழுந்த பிறகு எங்கே போகிறது என்பதை வீதியும் வாய்க்காலும் மதிலும் கட்டட அனுமதியும் தீர்மானிக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி உங்கள் கையில் இருக்கிறது.

2024 கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். பிறகு ஃபெங்கல் என்று பெயர் வைத்த அந்தத் தாழமுக்கம் கரையோரமாக ஊர்ந்துகொண்டிருந்த நாட்கள். எங்கள் ஒழுங்கையில் முதல் நாள் கணுக்கால் அளவு தண்ணீர். இரண்டாம் நாள் இரவு முழங்காலுக்கு வந்தது. நட்டு மூன்று கிழமையான வெங்காயம் பாத்தியோடு மூழ்கிவிட்டது, அதை அந்த நேரம் யாரும் நினைக்கவில்லை. ஒழுங்கையின் கடைசி வீட்டில் நடக்கமாட்டாத ஒரு வயதான அம்மா இருந்தார். அவருடைய கட்டிலைத் தூக்கி மேசைகளின் மேல் வைத்திருந்தார்கள். குசினிக்குள் அடுப்பு மிதந்தது.

தண்ணீர் ஏன் போகவில்லை என்று டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு போனோம். ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு மதில். ஆறடி உயரம், அடியில் கருங்கல் அத்திவாரம். மதிலுக்கு இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் வெறும் ஈரத் தரை. அதற்கு அப்பால் பள்ளக்காணி, அதற்கும் அப்பால் குளம். காணிக்காரர் வெளிநாட்டில். அவருக்கு வட்ஸ்அப்பில் அழைத்து விளக்கிச் சொல்லவே அரை மணித்தியாலம் போனது. பக்கத்து வீட்டு ஐயா எண்பது வயதுக்காரர். அவர் மழைக்குள் நின்று சொன்னார்: "தம்பி, இது வெள்ளவாய்க்கால். நான் சின்னப் பெடியனாய் இருக்கேக்க இதிலை வாழைக்குத்தி போட்டு மிதந்து விளையாடினனான். இதுக்குக் குறுக்கை மதில் கட்ட ஆர் விட்டது?"

அலவாங்கு கொண்டுவந்து மதிலின் அடியில் மூன்று கல்லைக் கழற்றினோம். தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு போனது. விடியும்போது ஒழுங்கையில் சேறு மட்டும் கிடந்தது. காணிக்காரர் இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த ஓட்டையைச் சீமெந்து வைத்து அடைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் கட்டும்போது இது தண்ணீர் போகிற வழி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மதிலைப் பார்க்க எந்த அலுவலகத்திலிருந்தும் யாரும் வரவில்லை.

உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டு மதிலும் அப்படித்தான் எழும்பியது. முன்பு எங்களுக்குக் கிளுவை வேலியும் கிடுகும். வேலியென்றால் தண்ணீர் அடியால் போகும், கோழி போகும், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போக ஒரு பொட்டு, சின்ன வழி, இருக்கும். போருக்குப் பிறகு கையில் கொஞ்சம் காசு வந்தது, அண்ணை சுவிஸிலிருந்து அனுப்பினார், மதில் கட்டினோம். ஊர் முழுக்க அப்படித்தான். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வலிகாமத்தில் எத்தனை வேலிகள் மதிலாகின! ஒவ்வொரு மதிலும் ஒரு சின்ன அணைக்கட்டு. அதோடு வீதிகளும் உயர்ந்தன. பழைய வீதிக்கு மேலே கிறவல், அதற்கு மேலே காபெற் தார். வீதி வளவை விட ஓரடி மேலே போய்விட்டது. மதகு மட்டும் பழைய இடத்தில், பழைய அளவில், சில இடங்களில் மண் மூடிப் போய்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து பொறுமையாக வாசியுங்கள். என் கேட்புகளெல்லாம் இதில்தான் நிற்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு; தெல்லிப்பளை, அளவெட்டிப் பக்கம் தொடங்கி அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் இறைப்பதும் காலுக்குக் கீழே சுண்ணக்கல்லின் பொந்துகளில் தேங்கி நிற்கிற மழைத்தண்ணீர்தான். மலையிலிருந்து எதுவும் வராது. ஆண்டு முழுவதும் விழுகிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதத்துக்குள் விழுந்து முடிந்துவிடும். அந்த மூன்று மாதம் மண் குடித்ததை வைத்துத்தான் மற்ற ஒன்பது மாதமும் சீவியம்.

அந்த நன்னீருக்குக் கீழே கடல்நீர் இருக்கிறது. உப்புத் தண்ணீர் பாரம் கூடியது, நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது; அதனால் நல்லது மேலே மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், மேல்தண்ணீர் நன்னீர், ஆழத்தில் உப்பு. நீரியல் படித்தவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே அது ஏறக்குறைய 40 அடிக்கு உப்பை அமத்தி வைத்திருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறிவர இடம் கிடைக்கிறது. மாரியில் மண்ணுக்குள் இறங்காமல் கடலுக்கு ஓடிய தண்ணீர் எங்களுக்குச் செய்கிற கெடுதி இதுதான். அது போனது மட்டுமல்ல, போன இடத்துக்கு உப்பை அழைத்துவிட்டுப் போகிறது.

கடலும் சும்மா இருக்கவில்லை. உலகளவில் கடல் மட்டம் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. ஏறுகிற வேகமும் கூடிக்கொண்டே வருகிறது. மலை என்று சொல்ல ஒன்றுமில்லாத, கையை விரித்தது போலக் கடலுக்குள் கிடக்கிற எங்கள் தரைக்கு 20 சென்ரிமீற்றர் சின்னக் கணக்கல்ல. தீவகத்தில் ஒவ்வொரு கோடையும் குடிதண்ணீர்ப் பவுசருக்குக் குடத்தோடு காத்து நிற்கிறார்கள். நெடுந்தீவில் சனத்துக்கு மட்டுமல்ல, வெளியில் திரிகிற குதிரைகளுக்கும் தண்ணீர் இல்லை. வலிகாமத்துச் செம்மண்ணில் இருக்கிற எங்களுக்கு அது இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கரையோரமாக இருக்கிற தோட்டக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வெங்காயத் தாளின் நுனி முதலில் வெளிறும், பிறகு நெருப்பு வைத்தது போலக் கருகும். உரம் போட்டாலும் தெளியாது. வெங்காயம் உப்புத் தண்ணீரைத் தாங்காத பயிர். மண்ணில் கூடப் பிறகு வெள்ளையாகப் பூக்கும்.

இப்போது மழைக்கு வருவோம். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைப் பிடித்து வைத்திருக்கும். பிடித்ததை ஒரேயடியாகக் கொட்டும். மாரி என்றால் முன்பும் புயல் வந்தது. 1964 மார்கழியில் தனுஷ்கோடியை விழுங்கிய அதே புயல் எங்கள் வடக்கையும் அடித்துவிட்டுத்தான் போனது. அதனால் ஒவ்வொரு புயலுக்கும் காலநிலை மாற்றம் என்று பெயர் சூட்ட நான் வரவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். 2008 கார்த்திகையில் நிஷா, குடாநாடு முழுவதும் வெள்ளம். 2016 மாரி பொய்த்தது, 2017 வரைக்கும் வறட்சி. 2020 மார்கழித் தொடக்கத்தில் புரெவி, திரும்பவும் வெள்ளம். 2022 இல் மாண்டூஸ் வந்த நாட்களில் வெள்ளம் அல்ல, குளிர். வட, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிர் தாங்காமல் விறைத்துச் செத்தன. பட்டியில் மாடு குளிரால் சாகும் என்று எங்கள் ஊரில் யார் எதிர்பார்த்தார்கள்? 2024 இல் ஃபெங்கல். 2025 இல் டித்வா. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள், மலையகத்தில் மண்சரிவில் குடும்பம் குடும்பமாக. எங்களுக்கு மலை இல்லை, மண் சரியாது. எங்கள் தண்ணீர் வேகமாக வந்து அடித்துக்கொண்டு போவதில்லை. அது வந்து நிற்கும். நிற்கிற தண்ணீர் மலசலகூடக் குழிக்குள் இறங்கிக் கிணற்றுக்குள் வரும். 2024 வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி ஆட்கள் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

வயல்காரருக்கு இன்னொரு துன்பம். எங்கள் நெல் வானம் பார்த்த நெல். ஆவணி, புரட்டாதியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குப் பார்த்திருப்பார்கள். மழை பிந்தினால் முளை கருகும், முந்தி அடித்தால் விதை அள்ளுப்படும். தப்பி விளைந்து தையில் கதிர் சாய்ந்து நிற்கிற நேரத்தில் காலம் தப்பிய மழை வந்தால் நின்ற நிலையிலேயே முளைக்கும். மொட்டைக்கறுப்பன் என்கிற பழைய நெல்லைப் போடுகிறவர்கள் குறைந்துபோனதற்கு இந்த நிச்சயமின்மையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, பழைய சனம் என்ன செய்தார்கள்? ஊரின் பள்ளமான இடமெல்லாம் குளம் விட்டார்கள். கோயிலென்றால் கேணி. தோட்ட வெளியென்றால் துரவு என்கிற அகலக் கிணறு. தரவையில் மாடு தண்ணீர் குடிக்கிற கேணிக்குப் பக்கத்தில், அது உடம்பு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல். ஒரு குளம் நிரம்பினால் வெள்ளவாய்க்காலால் அடுத்த குளத்துக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததுக்கு. எல்லாம் நிரம்பிய பிறகு மிச்சம்தான் கடலுக்கு. குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றிவரக் கிணறுகளில் ஊறும். அந்தக் குளங்கள் பாசனத்துக்கென்று கட்டப்பட்டவையல்ல, மதகு திறந்து வயலுக்குப் பாய்ச்ச முடியாது. அவை மண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கிற வாய்கள். வன்னிக் குளங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இவை வெறும் பள்ளமாகத் தெரியும். அதனால்தான் குப்பை கொட்டவும் லோட் லோட்டாக மண் கொட்டி நிரவவும் கை வருகிறது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பரப்புக் காணியில், அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கில், 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஏறக்குறைய 25,000 லீற்றர் தண்ணீர். வீட்டுக் கூரைக்கு மேலே வைக்கிற 1,000 லீற்றர் தாங்கியில் 25 தாங்கி. கார்த்திகையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் விழுவது எங்களுக்குப் புதிதல்ல. பத்துப் பரப்புக் குளம் ஒன்றை நிரவி வீடு கட்டினால், அந்தக் குளத்தில் நேரே விழுகிற மழையை மட்டும் பார்த்தாலே 250 தாங்கித் தண்ணீரை ஒரு நாளில் வீதிக்கு அனுப்புகிறோம். சுற்றுவட்டத்திலிருந்து அந்தக் குளத்துக்கு ஓடி வந்த தண்ணீரை இதில் சேர்க்கவேயில்லை.

நீங்கள் வெள்ளத்துக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. வடிகால்கள் கட்டப்படுகின்றன. ஆனால் எப்படி? இரண்டு பக்கமும் கொங்கிறீற், அடித்தளமும் கொங்கிறீற், நேரே கடலுக்கு. வெள்ளம் சீக்கிரம் வடிகிறது, மெய்தான். மாரி முழுவதும் அப்படி வடித்துவிட்டு, ஆடி, ஆவணியில் பவுசருக்கு டீசல் அடிக்கிறோம். ஒரே தண்ணீரைக் கார்த்திகையில் காசு செலவழித்துத் துரத்திவிட்டு ஆவணியில் காசு செலவழித்துத் தேடுகிறோம். சில இடங்களில் குளத்தைத் திருத்துகிறோம் என்று சுற்றிவரக் கல்லுக் கட்டி, நடைபாதை போட்டு, மின்விளக்கு வைத்து அழகுபடுத்துகிறார்கள். பின்னேரத்தில் பிள்ளைகளோடு போய் இருக்க நல்ல இடம், நானும் போகிறேன். ஆனால் அந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்காலை யாரும் தேடிப் போய்த் திறக்கவில்லை என்றால், அது தனக்குள் விழுகிற மழையை மட்டும் ஏந்திக்கொண்டு நிற்கிற தொட்டி.

பெரிய திட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்திரி ஆறுமுகம் 1954 இல் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்ற திட்டத்தை முன்வைத்தார். வன்னியின் கனகராயன் ஆற்றுத் தண்ணீர் வந்து விழுகிற ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணைகள் எழும்பின. முழுத் திட்டம் எழுபது ஆண்டுகளாக முடியவில்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவருவது என்று கதைத்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எங்கள் வயலுக்கே காணாது என்றார்கள், அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாயில் குடிதண்ணீர் வருகிற வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல், அதை மதிக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீரில் வெங்காயம் வைக்க முடியாது, வாழை வைக்க முடியாது. நிலத்தடித் தண்ணீர் உப்பாகிவிட்டால் பனை மட்டும்தான் மிஞ்சும். ஒரு பயம் இருக்கிறது எனக்கு: குழாய் வந்துவிட்டது என்ற எண்ணத்தில் கிணற்றைக் கைவிட்டுவிடுவோமோ என்று. நைத்திரேற்று, வெள்ளத்தோடு வந்த கிருமி என்று எங்கள் கிணறுகளுக்கு ஏற்கெனவே நோய் நிறைய. நோயாளியை வீட்டில் விட்டுவிட்டுப் போவது போல் போய்விடக் கூடாது.

நான் உங்களிடம் கேட்பவை பெரிய காசு கேட்கிற வேலைகள் அல்ல. முதலில், அடுத்த மாரி தொடங்க முன்பு, ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் இருக்கிற குளம், கேணி, வெள்ளவாய்க்கால் எல்லாவற்றையும் நடந்து போய்ப் பார்த்து ஒரு வரைபடம் போடுங்கள். பழைய நில அளவை வரைபடங்களில் வாய்க்கால்கள் கீறப்பட்டிருக்கின்றன. வரைபடத்தில் இல்லாததை எண்பது வயதுக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் இருக்கிறபோதே கேளுங்கள், இதைத் தள்ளிப் போட முடியாது. எங்கள் மதிலடியில் மழைக்குள் நின்று வாழைக்குத்திக் கதை சொன்ன ஐயா போன பங்குனியில் காலமாகிவிட்டார். வரைபடத்தைச் சபை வாசலில் ஒட்டுங்கள். காணி வாங்குகிறவன், மதில் கட்டுகிறவன் எல்லாரும் பார்க்கட்டும். எல்லைக்குக் கல் போடுங்கள்.

அந்த வரைபடத்தில் இருக்கிற எந்த இடத்திலும் கட்டட அனுமதி கொடுக்காதீர்கள். யார் சொல்லி வந்தாலும் கொடுக்காதீர்கள். வயலை நிரவுவதென்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் உங்கள் பக்கத்துக் கோப்பை நகர்த்தாதீர்கள். இரவில் டிப்பரில் மண் வந்து கொட்டுப்படுவது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சபைக்கும் தெரிய வேண்டும்.

மதிலை இடியுங்கள் என்று நான் கேட்கவில்லை. வெள்ளவாய்க்கால் போகிற இடத்தில் கட்டுகிற மதிலில், தரை மட்டத்தில், இரும்புக் கம்பி வைத்து ஒரு தண்ணீர் வழி விட வேண்டும் என்று அனுமதி நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும். இருக்கிற மதில்களுக்கு ஒரு தவணை கொடுங்கள். வீதி போடுகிறபோது மதகின் அளவை முதலில் பார்த்துவிட்டு காபெற் போடச் சொல்லுங்கள். அது வேறு திணைக்களத்து வீதியாக இருந்தாலும், ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழும்பிக் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

வடிகாலைக் கடலுக்கு விட முன்பு குளத்துக்கு விடுங்கள். அடித்தளத்துக்குக் கொங்கிறீற் போடாதீர்கள், மண் குடிக்கட்டும். குப்பையும் கழிவு எண்ணெயும் அதில் சேராமல் பார்க்கிற பொறுப்பும் இதோடு வருகிறது, ஏனென்றால் எங்கள் சுண்ணக்கல் வடிகட்டாது. பொந்தால் இறங்கியது அப்படியே கிணற்றுக்கு வரும்.

குளம் தூர்வாருவதைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டும் இது பிழையான மாதத்தில் நடக்கிறது. காசு புரட்டாதியில் வருகிறது, கேள்வி மனுக் கோரி ஐப்பசி போகிறது, கார்த்திகையில் மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் சேற்றில் புதைந்து நிற்கிறது. ஆடி, ஆவணியில் குளம் வெடித்துக் காய்ந்து கிடக்கிறபோது செய்ய வேண்டிய வேலை இது. காய்ந்த வண்டல் மண்ணைத் தோட்டக்காரருக்கு அள்ளிக்கொண்டு போக விடுங்கள். அப்பா காலத்தில் மாட்டு வண்டிலில் ஏற்றி வந்து தறைக்குப் போடுவோம், அந்த ஆண்டு வெங்காயத்துக்கு உரம் பாதிதான். கமக்காரர் அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதினால் இதில் பாதி வேலையைச் சனமே செய்து முடிக்கும். ஆனால் எவ்வளவு ஆழம் என்பதற்குத் தெரிந்தவர் ஒருவர் நிற்க வேண்டும். வண்டலுக்குக் கீழே போய்ச் சுண்ணக்கல்லை உடைத்துத் தோண்டினால் நல்ல குளமும் கெட்டுவிடும். காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்களைப் போய்ப் பார்த்தால் கல்லை எடுத்த இடம் எப்படி ஆகும் என்று விளங்கும். இப்போதும் சுண்ணக்கல்லும் வடமராட்சி கிழக்கு மணலும் களவாக ஏறிப் போகின்றன. கல் போனால் தண்ணீர் நிற்க இடம் போகிறது. மணற்காட்டு மணல் மேடு போனால் கடலுக்கும் ஊருக்கும் நடுவில் ஒன்றுமில்லை. 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு அந்தக் கரைச் சனத்துக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஒரு கட்சிக்காரர் தொடங்கியதை மற்றக் கட்சிக்காரர் நிறுத்துகிற வழக்கம் எங்கள் சபைகளில் இருக்கிறது. தண்ணீர் விடயத்திலாவது அதை விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வலிகாமத்தில் ஒரு பிரதேச சபை திறக்கிற வாய்க்கால் அடுத்த பிரதேச சபைக்குள்தான் போய் முடியும். நீங்கள் 17 பேரும் ஒரு மேசையில் இருக்காமல் இந்த வரைபடம் முழுமையாகாது.

எங்கள் ஒழுங்கையில் நாங்கள் தொடங்கிவிட்டோம். எங்கள் மதிலின் அடியில் இரண்டு இடத்தில் கல்லைக் கழற்றிக் கம்பி வைத்திருக்கிறோம். அடுத்த வீட்டுக்காரரும் செய்திருக்கிறார். ஒழுங்கை முடிகிற அந்த மதில்காரருக்கு, 2024 வெள்ளத்து இரவில் எடுத்த படங்களையும், எண்பது வயது ஐயா கையால் கீறித் தந்த வாய்க்கால் படத்தையும் அனுப்பினோம். ஆடியில் திருவிழாவுக்கு வருகிறாராம், வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் வருகிற கிழமையில் எங்கள் சபையின் உறுப்பினரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் ஒரு நாள் காலையில் வந்து அந்த மதிலடியில் நின்றால், அவருக்கு இது நாலு பேரின் தொல்லையாகத் தெரியாது. அங்கிருந்து குளம் வரைக்கும் நடக்க இருபது நிமிடம் போதும். அப்பாவின் கிணறும் வழியில்தான் இருக்கிறது. கோடுகளையும் காட்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
வலிகாமம் கிழக்கிலிருந்து ஒரு வெங்காயத் தோட்டக்காரன்